குடிதண்ணீர் ஏரியில் தூண்டில் போடலாமா? வாசகர் கேள்வி – பதில்

சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் மீன் பிடிப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். மகன் அமெரிக்காவில் படிக்கும் வாசகர் ஒருவரின் கேள்வியும் இதே விஷயத்தைத் தொடுவதால் அதையும் சேர்த்துக்கொண்டோம்.

பிடோக் நீர்த்தேக்கத்தில் ஒரு பக்கம் வரிசையாக நின்று தூண்டில் போடுகிறார்கள். கொஞ்சம் தள்ளிப் போனால் "மீன் பிடிக்கக் கூடாது" என்று பலகை. தண்ணீர் ஒன்றுதானே? எங்கே போடலாம், எங்கே கூடாது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், பிடோக்

தண்ணீர் ஒன்றுதான். அனுமதி கரைக்குத் தரப்படுகிறது. நீர்த்தேக்கங்களை நிர்வகிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதி எளிமையானது: மீன்பிடிப் பகுதி என்று அறிவித்த இடத்தில் மட்டும் போடலாம், மற்ற எல்லா இடமும் மூடியது. பலகையே இல்லாத கரையில் நின்றுகொண்டு "தடை எதுவும் எழுதவில்லையே" என்று சொல்வது செல்லாது. அனுமதிப் பலகை இருந்தால்தான் அனுமதி. மீறினால் 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கலாம்.

ஒரே ஏரியில் இப்படிப் பிரிப்பதற்குக் காரணங்கள் உண்டு. நீர் உறிஞ்சும் கோபுரத்தையும் மதகையும் ஒட்டி ஆட்கள் கூடக் கூடாது. கயாக் செல்லும் தடத்தில் தூண்டில் நரம்பு குறுக்கே கிடக்கக் கூடாது. ஓடுபாதை கரையோடு உரசிப் போகும் இடத்தில் தூண்டில் கோலைப் பின்னால் வீசினால் ஓடுபவர் முகத்தில் தூண்டில் முள் ஏறும். பறவைகள் கூடு கட்டும் நாணல் ஓரங்களும் உண்டு.

சிங்கப்பூரில் மொத்தம் 17 நீர்த்தேக்கங்கள். பிடோக், மெக்ரிட்சி, லோவர் பியர்ஸ், அப்பர் சிலேத்தார், லோவர் சிலேத்தார், கிராஞ்சி, பாண்டான், ஜூரோங் ஏரி, மரினா ஆகியவற்றில் குறிப்பிட்ட கரைகள் திறந்திருக்கின்றன. லோவர் சிலேத்தாரில் மீன்பிடிக்கென்றே ஒரு மேடை இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு நல்ல இடம் அது. அப்பர் பியர்ஸில் கூடாது. மேற்கே முராய், போயான், சாரிம்புன், தெங்கே ஆகியவை படைப் பயிற்சிப் பகுதியை ஒட்டியவை. பூலாவ் தேக்கோங்கும் அப்படித்தான். அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

மெக்ரிட்சி, பியர்ஸ், அப்பர் சிலேத்தார் ஆகியவற்றில் இன்னொரு விஷயமும் உண்டு. தண்ணீர் பொதுப் பயனீட்டுக் கழகத்துடையது, சுற்றியுள்ள காடு தேசியப் பூங்காக் கழகத்தின் இயற்கை வனப்பகுதி. மீன்பிடிப் பகுதிக்குக் குறுக்கு வழி என்று காட்டுக்குள் இறங்கினால், தூண்டிலை எடுக்காமலேயே வேறொரு விதியை மீறியவர் ஆவீர்கள்.

கட்டுமான வேலை நடந்தால் எல்லைகள் மாறும். கிளம்புமுன் கழகத்தின் இணையப் பக்கத்தில் வரைபடத்தைப் பாருங்கள். போனதும் பகுதியின் இரண்டு முனைப் பலகைகளையும் நடந்து பார்த்துவிட்டு அப்புறம் கோலை விரியுங்கள். மிதவைக் கயிறு கட்டியிருந்தால் அதற்கு அப்பால் வீசாதீர்கள்.

ஊரில் மண்புழு இல்லாமல் தூண்டில் போட்டதே இல்லை. இங்கே மண்புழு, இறால், ரொட்டி எதுவும் கூடாது, செயற்கை இரை மட்டும்தான் என்கிறார்கள். ஏரியில் இருக்கும் ஆயிரக்கணக்கான மீன்கள் அதே தண்ணீரில்தானே கழிக்கின்றன? ஒரு புழுவால் என்ன கெட்டுவிடும்?
– வாசகர், ஈசூன்

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தெரிந்தால் மற்ற விதிகள் எல்லாம் தானாகப் புரிந்துவிடும். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

மீன் கழிப்பது ஏரிக்குள் ஏற்கெனவே இருந்த சத்து. பாசியை மீன் தின்கிறது, மீனின் கழிவைப் பாசி எடுத்துக்கொள்கிறது; கணக்கு உள்ளுக்குள்ளேயே சுற்றுகிறது. நீங்கள் கடையில் வாங்கிப் போடும் ரொட்டியும் இறாலும் வெளியிலிருந்து வரும் புதிய வரவு. அதில் முக்கியமானது பாஸ்பரஸ். நன்னீர் ஏரிகளில் பாசி எவ்வளவு வளரும் என்பதைப் பெரும்பாலும் பாஸ்பரஸ்தான் தீர்மானிக்கிறது. 1 கிராம் பாஸ்பரஸ் கிடைத்தால் நூறு கிராமுக்கு மேல், உலர் எடையில், பாசி வளர முடியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 கிராம் ரொட்டியில் ஏறக்குறைய 0.4 கிராம் பாஸ்பரஸ் இருக்கும். முழுவதும் பாசிக்குப் போனால் 40 கிராம் உலர் பாசி. உயிருள்ள பாசியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான் என்பதால், ஈர எடையில் அது கிட்டத்தட்ட 400 கிராம். போட்ட ரொட்டி எடைக்கு எடை பாசியாகத் திரும்பி வருகிறது. ஒருவர் போட்டால் ஏரிக்குத் தெரியாது. வார இறுதியில் இருநூறு பேர், மீனைக் கூட்ட ஆளுக்கு இரண்டு கைப்பிடி என்று வருடம் முழுக்கப் போட்டால், அதுவும் ஒரே கரையில் போட்டால், அந்த ஓரம் பச்சையாகிவிடும்.

பாசியில் சில வகை ஜியோஸ்மின் என்ற பொருளை வெளிவிடும். மழை பெய்த மண்ணின் வாடை அதுதான். குடிதண்ணீரில் லிட்டருக்கு 10 நானோகிராம் இருந்தாலே பலருக்கு நாற்றம் தெரிந்துவிடும். ஒலிம்பிக் அளவு நீச்சல் குளம் முழுவதையும் மணக்க வைக்க 25 மில்லிகிராம் போதும். அதை நீக்கக் கூடுதல் கரியும் ஓசோனும் செலவாகும். பாசி மடிந்து கரையும் கரிமப் பொருள், குளோரினோடு சேர்ந்து வேண்டாத துணைப்பொருள்களையும் உண்டாக்கும். சுத்திகரிப்பு நிலையம் இதையெல்லாம் கையாளும். ஆனால் ஏரியில் தவிர்த்தால் இலவசமாகப் போவதை நிலையத்தில் காசு கொடுத்து எடுக்க வேண்டியிருக்கிறது.

உயிருள்ள இரையில் இரண்டாவது ஆபத்து இருக்கிறது. அது தப்பிவிடும். முள்ளிலிருந்து கழன்ற குட்டி மீன், வீட்டுக்குக் கிளம்பும்போது "பாவம்" என்று கொட்டிவிடும் மிச்ச இறால், அந்த வாளித் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் வரும் நத்தை முட்டை, நோய்க்கிருமி. பாஸ்பரஸையாவது பல வருடத்தில் குறைக்கலாம். குடியேறிவிட்ட ஓர் உயிரை 10 ஹெக்டேர் தண்ணீரிலிருந்து திரும்ப எடுக்கவே முடியாது.

எனவே புழு ஒன்று என்ன செய்யும் என்று கேட்காமல், கரைக்கு வரும் அத்தனை பேரும் அதையே செய்தால் என்ன ஆகும் என்று பார்த்துத்தான் விதி எழுதப்பட்டிருக்கிறது.

ரப்பர் புழுவில் வாசனைத் தைலம் தடவலாமா? ரொட்டியை உருண்டை பிடிக்காமல் முள்ளில் மட்டும் கோத்தால்?
– வாசகர், புக்கிட் பாத்தோக்

ரொட்டி எப்படிக் கோத்தாலும் உணவுதான், கூடாது. தைலம் தேவையே இல்லை. இங்குள்ள பீகாக் பாஸும் தோமானும் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன்கள், முகர்ந்து வருபவை அல்ல. எண்ணெய்ப் படலம் தண்ணீரில் மிதப்பதுதான் மிச்சம்.

பத்து வயது மகனுக்குக் கற்றுத்தர வேண்டும். கடைக்குப் போனால் 30 வெள்ளியிலிருந்து 600 வெள்ளி வரை கோல் காட்டுகிறார்கள். நீர்த்தேக்கத்துக்குத் தேவையானதை மட்டும் சொல்லுங்கள்.
– வாசகர், உட்லண்ட்ஸ்

உங்களுக்கு ஆறரை அடிக் கோல், நடுத்தர வலிமை, 7 முதல் 15 கிராம் எடை வீசக்கூடியது. மகனுக்கு ஆறு அடியும் ஒரு படி இலகுவானதும். ரீல் (நரம்பைச் சுற்றும் கருவி) 2500 அளவு. விலை குறைந்ததிலேயே தொடங்கலாம். காசை நரம்பிலும் முள்ளிலும் போடுங்கள்.

உங்கள் ரீலுக்கு 20 பவுண்டு இழுவை தாங்கும் பின்னல் நரம்பு. வழவழப்பான ரீல் உருளையில் பின்னல் நரம்பை நேரடியாகச் சுற்றினால் மீன் இழுக்கும்போது மொத்தச் சுற்றும் வழுக்கிச் சுழலும். முதலில் நான்கைந்து மீட்டர் நைலான் நரம்பைச் சுற்றிவிட்டு அதோடு முடியுங்கள். உருளையின் விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே நிறுத்திவிட வேண்டும். விளிம்பு வரை நிரப்பினால் வீசும்போது சுருள் சுருளாகக் கொட்டிக் கூடுபோலச் சிக்கும். முனையில் 50 சென்டிமீட்டர் அளவுக்குத் தடித்த ஃபுளோரோகார்பன் நரம்பு, வலு 20 பவுண்டுக்குச் சற்றுக் குறைவாக. கல்லில் உரசினால் பின்னல் நரம்பு உடனே அறுந்துவிடும், இது தாங்கும். மகனுக்கு இந்த ஏற்பாடு எதுவும் வேண்டாம். 8 பவுண்டு நைலான் நரம்பு போதும். சிக்கினாலும் பிரிக்கலாம், விரலை அறுக்காது.

செயற்கை இரை மூன்று வாங்குங்கள்: 7 சென்டிமீட்டர் மீன் வடிவம் ஒன்று, 10 கிராம் உலோகக் கரண்டி ஒன்று, 5 கிராம் தலைமுள்ளோடு (தலையில் எடை பொருத்திய முள்) மூன்று அங்குல ரப்பர் மீன் ஒரு பாக்கெட். தலைமுள் வாங்கும்போது ஈயத்துக்குப் பதில் டங்ஸ்டன் கேளுங்கள். விலை கூடும். ஆனால் அறுந்துபோகும் ஒவ்வொன்றும் ஊர் குடிக்கும் தண்ணீரின் அடியில் கிடக்கப்போகிறது.

மீன் வடிவ இரையில் மூன்று கவடு முள் இரண்டு தொங்கும். அவற்றைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போடுங்கள். ஒவ்வொரு முள்ளின் நுனிக்குக் கீழேயும் இருக்கும் எதிர்முள்ளைக் குறடால் அழுத்தித் தட்டையாக்குங்கள். மீன் தப்பிவிடுமே என்று கவலை வேண்டாம். நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் தப்பாது. பையனின் விரலில் ஏறினால் வந்த வழியே வெளியே வரும். எதிர்முள் இருந்தால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

ரீலின் இழுவைப் பிடிப்பைச் சரிசெய்ய வீட்டிலேயே ஒரு வழி உண்டு. 2 லிட்டர் தண்ணீர் போத்தலை நிரப்பி நரம்பில் கட்டுங்கள். கோலைக் கொஞ்சம் உயர்த்திப் போத்தலைத் தூக்கும்போது நரம்பு மெல்ல நழுவ வேண்டும். அதுதான் 2 கிலோ பிடிப்பு, உங்கள் நரம்பின் வலுவில் நான்கில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. நழுவாவிட்டால் முன்குமிழைத் தளர்த்துங்கள். போத்தல் தடாரென்று கீழே போனால் இறுக்குங்கள்.

வீசி முடித்ததும் ரீலில் திறந்து மூடும் வளைகம்பியைக் கைப்பிடி சுற்றி மூடாமல் கையாலேயே மூடி, நரம்பை ஒருமுறை இழுத்துவிட்டுச் சுற்றத் தொடங்கச் சொல்லிக் கொடுங்கள். புதியவர்களின் சிக்கலில் பெரும்பகுதி இந்த ஒரு பழக்கத்தில் போய்விடும். வீசுமுன் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்க வேண்டும். இதில் மட்டும் மகனிடம் கண்டிப்பாகவே இருங்கள்.

நல்ல நேரம், விடிந்ததும் முதல் மூன்று மணி நேரம். பீகாக் பாஸ் பகல் மீன். வெயில் ஏறினால் மர நிழல், மேடைத் தூண், தண்ணீர் நிறம் மாறி ஆழமாகும் விளிம்பு ஆகியவற்றைத் தேடிப் போகும். இரையை வேகமாக இழுத்து, ஒரு கணம் நிறுத்தி, மறுபடி வெட்டி இழுங்கள். பெரும்பாலும் நிறுத்தும் அந்தக் கணத்தில்தான் அடிக்கும்.

இடி கேட்டால் கோலைப் படுக்க வைத்துவிட்டுக் கூரைக்குள் போய்விடுங்கள். கோல் கார்பன் இழை, மின்சாரம் கடத்தும். சிங்கப்பூரில் வருடத்தில் ஏறக்குறைய பாதி நாள் இடி இடிக்கிறது. "இந்த ஒரு வீச்சு" என்று நிற்க வேண்டாம்.

அடிக்கடி கல்லில் மாட்டி இரை அறுந்துபோகிறது. காசு போவது ஒருபுறம், நரம்பு தண்ணீரில் கிடப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.
– வாசகர், தெம்பனீஸ்

கஷ்டப்பட வேண்டிய விஷயம்தான். நீர்நாய், உடும்பு, கொக்கு மூன்றும் இந்த நரம்பில் மாட்டிக்கொள்கின்றன.

மாட்டியதும் கோலை வளைத்து இழுக்காதீர்கள்; முள் இன்னும் ஆழமாக ஏறும், கோலும் உடையும். நரம்பைத் தளர்த்திவிட்டுப் பத்துப் பதினைந்து அடி பக்கவாட்டில் நடந்து, எதிர்ப்பக்கத்திலிருந்து மெல்ல இழுத்துப் பாருங்கள். கல்லிடுக்கில் மாட்டியது பெரும்பாலும் போன வழியேதான் வரும். வரவில்லை என்றால் நரம்பை இறுக்கிப் பிடித்து, விரலால் வில்லின் நாண் மாதிரி சுண்டிச் சுண்டி விடுங்கள்.

அதற்கும் வராவிட்டால் அறுக்க வேண்டியதுதான். அப்போது நரம்பைக் கையில் சுற்றாதீர்கள், பின்னல் நரம்பு தசையை எலும்பு வரை அறுத்துவிடும். ஒரு மரக்கட்டையிலோ சுருட்டிய துண்டிலோ ஐந்தாறு சுற்றுச் சுற்றி, கோலைக் கீழே வைத்துவிட்டு, நேர்கோட்டில் பின்னால் நடங்கள். முனை நரம்பு உங்கள் பின்னல் நரம்பைவிடக் கொஞ்சம் வலு குறைந்ததாக இருந்தால் முடிச்சுப் பக்கத்தில் அறுபடும், தண்ணீரில் அரை மீட்டர்தான் தங்கும். பழைய, நைந்த பின்னல் நரம்பை மாற்றாமல் வைத்திருந்தால் நடுவில் அறுந்து 40 மீட்டர் உள்ளே போகும். அதனால் நரம்பின் முதல் மூன்று மீட்டரை ஒவ்வொரு முறையும் நகத்தால் வருடிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் வெட்டிவிட்டுப் புதிதாக முடியுங்கள்.

வெட்டிய துண்டு சட்டைப்பைக்குள் போகட்டும். வீட்டில் ஒரு சாண் நீளத் துண்டுகளாக நறுக்கிக் குப்பையில் போடுங்கள். கிழிந்த ரப்பர் மீனுக்கும் அதே விதி. அது கரையாது, மீன் விழுங்கினால் செரிக்காது.

பிடித்த மீனைத் திரும்ப விட்டால் பிழைக்குமா? சிலர் தரையில் போட்டுப் படம் எடுத்துவிட்டு வீசுகிறார்கள்.
– வாசகி, சிராங்கூன்

விடுகிற விதத்தைப் பொறுத்தது. நம் ஏரித் தண்ணீர் 30 டிகிரிக்கு அருகில் இருக்கும். அந்தச் சூட்டில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் தங்கும். குளிர்நாட்டு ஏரியில், 10 டிகிரியில், பதினொன்றுக்கு மேல் தங்கும். நம் மீனுக்கு மூச்சு வாங்கவே இடம் குறைவு. நெடுநேரம் விளையாட்டுக் காட்டிக் களைப்பாக்கினால் நீந்திப் போனதுபோலப் போய் ஆழத்தில் சாகும். அதனால் மெல்லிய நரம்பில் வீரம் காட்டாமல், போதிய வலுவுள்ள நரம்பில் சீக்கிரம் கரைக்குக் கொண்டுவாருங்கள்.

கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள். காய்ந்த கையும் துணியும் அதன் வழவழப்பை உரித்துவிடும், அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். முடிந்தால் தண்ணீரில் இருக்கும்போதே நீண்ட மூக்குக் குறடால் முள்ளைத் திருப்பி எடுங்கள். படம் வேண்டுமென்றால் கேமராவைத் தயாராக்கிவிட்டு மீனைத் தூக்குங்கள், அரை நிமிடத்துக்குள் இறக்குங்கள். பீகாக் பாஸை கீழ்த்தாடையில் கட்டைவிரல் வைத்துப் பிடித்து, வயிற்றை மறுகையால் தாங்கலாம். பல் அரத்தாள் மாதிரிதான் இருக்கும். தோமானிடம் அப்படி விரல் வைக்காதீர்கள். விரால் குடும்பம், கூரிய பல். முள் தொண்டைக்குள் போயிருந்தால் தோண்டாமல் நரம்பை வாயருகே வெட்டிவிடுங்கள்.

தோமானைப் பற்றி ஒன்று. சில சமயம் நீர்ப்பரப்பில் செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் தண்ணீர் கொதிப்பதுபோல மேலே வந்து மூச்சு வாங்கிப் போகும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அங்கே எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும், அதனால்தான் சிலர் அதையே தேடிப் போகிறார்கள். பெற்ற மீனைத் தூக்கிய சில நிமிடங்களில் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். அந்தக் கூட்டத்தைக் கண்டால் வேறு பக்கம் வீசுங்கள்.

வீடு மாறுகிறோம். தொட்டி மீன்களைக் கொல்ல மனமில்லை. நீர்த்தேக்கத்தில் விட்டால் சந்தோஷமாக இருக்குமே?
– வாசகி, பொங்கோல்

விடாதீர்கள். பெரும்பாலானவை சில நாளில் சாகும். பிழைப்பவைதான் பெரிய தொல்லை. இன்று தூண்டில்காரர்கள் விரும்பும் பீகாக் பாஸே தென் அமெரிக்க மீன்; மனிதர் கொண்டுவந்து விட்டுத்தான் இங்கே இருக்கிறது. அப்பர் சிலேத்தாரில் விஷமுள்ளுள்ள மோத்தோரோ திருக்கை குட்டி போட்டுப் பெருகியதும் அழகு மீன் தொட்டிகளிலிருந்துதான். விலங்கு விடுவிப்பு வனவிலங்குச் சட்டத்தின்படி குற்றம். மீன் கடையில் திருப்பித் தரலாம், வளர்ப்போர் குழுக்களில் கேட்டுப் பார்க்கலாம். ஓர் ஏரியில் பிடித்த மீனை இன்னோர் ஏரியில் விடுவதும் இதே தவறுதான், இதைத் தூண்டில்காரர்களே செய்கிறார்கள்.

திருக்கையின் முள் குத்திவிட்டால்: காயத்தை, பொறுக்கக்கூடிய சூட்டில், 40 முதல் 45 டிகிரி வெந்நீரில் வையுங்கள். வலி வெகுவாகக் குறையும். முள் துண்டு உள்ளே தங்கியிருக்கக்கூடும், ஆகவே மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். அந்தப் பகுதியில் தண்ணீரில் கால் வைத்து நிற்பதையே தவிர்த்துவிடுங்கள்.

மீன் பிடிக்கலாம், நீந்தக் கூடாது. இது என்ன நியாயம்?
– மாணவர், ஜூரோங்

நீந்துபவரின் உடம்பு முழுவதும் தண்ணீரைத் தொடுகிறது, உடம்பிலிருந்து கழிவின் நுண்துகள் சேர்கிறது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமியின் முட்டை 4 முதல் 6 மைக்ரான் அளவுதான், வழக்கமான குளோரின் அளவுக்கு அசையாது. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் அது குடிநீர் வடிகட்டிகளைத் தாண்டிப் போய் ஏறக்குறைய 4 லட்சம் பேர் நோயுற்றார்கள். கரையில் உலர்ந்த காலோடு நிற்பவரால் அந்த ஆபத்து மிகக் குறைவு. அவர் கழிப்பறைக்குப் போகாமல் புதரோரம் ஒதுங்கினால் அந்த வித்தியாசம் போய்விடும். அதனால்தான் கழிப்பறை இருக்கும் பூங்காக்களை ஒட்டி மீன்பிடிப் பகுதி இருப்பது நல்லது என்கிறோம்.

மகன் பாஸ்டனில் படிக்கிறான். அங்கே குவாபின் நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கலாம் என்கிறான். அங்கேயும் இப்படிக் கட்டுப்பாடு உண்டா?
– வாசகர், ஈசூன்

இங்கேவிட அதிகம். காரணம் எளிது. சிங்கப்பூரில் ஏரித் தண்ணீர் முழுச் சுத்திகரிப்பு கண்டுதான் குழாய்க்கு வருகிறது. குவாபின் தண்ணீர் வடிகட்டப்படுவதே இல்லை. ஓசோன், புற ஊதாக் கதிர், கிருமிநீக்கம் என்று பாஸ்டனுக்குப் போகிறது. ஏரியும் சுற்றியுள்ள காடுமே அதன் வடிகட்டி.

1930-களில் கட்டி, டானா, என்ஃபீல்டு, கிரீனிச், பிரெஸ்காட் என்று நான்கு ஊர்களை 1938-ல் சட்டப்படி கலைத்துவிட்டு நிரப்பிய ஏரி அது. 1946-ல் நிறைந்தது. 412 பில்லியன் கேலன் கொள்ளும். இவ்வளவு விலை கொடுத்த தண்ணீரிலும் மீன் பிடிக்க விட்டிருக்கிறார்கள் என்பதே பெரிய விஷயம். நீந்தக் கூடாது, தண்ணீரில் இறங்கி நிற்கக் கூடாது, நாய் கூட்டிவரக் கூடாது. பருவம் ஏறக்குறைய ஏப்ரல் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை. பனிக்கட்டியில் துளையிட்டுப் பிடிப்பதற்கு இடமில்லை. மாசச்சூசெட்ஸ் மீன்பிடி உரிமம் வேண்டும். வெளியூர்க்காரருக்கு மூன்று நாள் உரிமம் கிடைக்கும்.

படகுதான் அங்கே பெரிய பிரச்சினை. 2009-ல் அந்த மாநிலத்தின் மேற்கே லாரல் ஏரியில் வரிக்குதிரைச் சிப்பி கண்டுபிடிக்கப்பட்டதும் குவாபினில் சொந்தப் படகுகளை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சிப்பி நகத்தளவு, குழாய்க்குள் அடுக்கடுக்காக ஒட்டி அடைத்துவிடும். பிறகு ஒரு வழி கண்டார்கள்: படகை ஏறக்குறைய 60 டிகிரி வெந்நீரில் கழுவி, வண்டியோடு சேர்த்து முத்திரை போடுவார்கள். முத்திரை அறுபடாமல் வந்தால் இறக்கலாம். வேறோர் ஏரிக்குப் போய்வந்தால் மறுபடி கழுவ வேண்டும். குளிர்காலத்துக்கு முன் பரிசோதித்து முத்திரையிட்டு, உறைபனியில் சிப்பி சாகும் வரை நிறுத்திவைக்கும் ஏற்பாடும் உண்டு. உங்கள் மகன் மாணவர்தானே, இந்தத் தொல்லை வேண்டாம். அங்கேயே வாடகைப் படகு கிடைக்கும், இல்லாவிட்டால் அனுமதித்த கரையிலிருந்து போடட்டும்.

நியூயார்க் பக்கம் போனால் நகரத்தின் நீர்த்தேக்கங்களுக்கு மாநில உரிமத்தோடு நகரச் சுற்றுச்சூழல் துறையின் இலவச நுழைவு அனுமதியும் வேண்டும். படகு வைப்பவர் நீராவியில் கழுவி, பதிவு செய்து, அந்த ஏரிக்கரையிலேயே விட்டுவைக்க வேண்டும். பெட்ரோல் மோட்டார் கூடாது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் இன்னொரு வழி: அதன் மூடிய மலைக்காட்டு நீர்ப்பிடிப்புகளுக்குள் மீன் பிடிக்கவோ நடக்கவோ யாருக்கும் அனுமதி இல்லை.

சாயங்காலம் இரண்டு பேர் வலை விரிப்பதைப் பார்த்தேன். நாமே சொல்லித் தடுக்கலாமா?
– வாசகர், கிராஞ்சி

வாக்குவாதம் வேண்டாம், கத்தியும் முள்ளும் கையில் இருக்கும். நேரம், அருகில் உள்ள விளக்குக் கம்பம் அல்லது பலகையின் எண், வலை எந்தப் பக்கம், எத்தனை பேர் என்று குறித்துக்கொண்டு பொதுப் பயனீட்டுக் கழகத்துக்கு உடனே தெரிவியுங்கள். தூரத்திலிருந்து ஒரு படம் உதவும். அவர்கள் போன பிறகு வலை தண்ணீரில் கிடந்தால் நீங்கள் இறங்கி எடுக்காதீர்கள். கரைச் சரிவுக் கல்லில் பாசி வழுக்கும், இருட்டில் வலை காலைச் சுற்றினால் எழ முடியாது. அதில் நீர்நாயோ உடும்போ உயிரோடு சிக்கியிருப்பது தெரிந்தால் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண் 1800-476-1600, இரவிலும் எடுப்பார்கள். அவர்கள் வரும் வரை வலை கிடக்கும் இடத்தைக் கரையிலிருந்தே கண்ணில் வைத்திருங்கள். காற்றில் நகர்ந்துவிட்டால் தேடி எடுப்பது கஷ்டம்.